காஞ்சிபுரத்து மைக்கும் என் இடது காதும்

நம் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு இப்போது காது மந்தம். போன வாரம் மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் என் பள்ளித் தோழி ஒருத்தியை நாலு முறை கூப்பிட்டேன். ஐந்தாவது முறை பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். இவள் திரும்பவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், கேலி செய்யவில்லை. உங்களுக்கெல்லாம் அறுபதில் வந்தது எனக்கு ஏழு வயதிலேயே வந்து, ஒன்பது வயதில் போய்விட்டது. அது போன கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அந்த வருஷம் ஐப்பசி பிறந்ததுமே மழை பிடித்துக்கொண்டது. மழை வந்துவிட்டால் நம் உப்பளம் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். வரப்பு எது பாத்தி எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே தண்ணீராகிவிடும். குவித்து வைத்த உப்பின் மேல் கீற்று போட்டு மூடி, மண்ணை அள்ளிப் பூசிவிட்டு, உப்பு வாரும் பலகையைக் கூரையில் செருகிவிட்டு, அப்பா நடவு வேலைக்கு வானூர்ப் பக்கம் போய்விடுவார். அம்மா வீட்டில் இருப்பாள். கோடையில் விடியற்காலை போய் வெயில் ஏறித் திரும்புகிற அம்மா, மழை மாசத்தில் நாள் பூராவும் கண்ணெதிரே இருப்பாள். எனக்கு அதில் பாதி சந்தோஷம், பாதி அடி.

அடி எதற்கென்றால், கூப்பிட்டால் நான் திரும்ப மாட்டேன். "அடுப்புல பாலு பொங்குது பாரு" என்று பின்னாலிருந்து அம்மா கத்துவாள். நான் பாட்டுக்கு வாசலில் பூநாரைக் கூட்டம் போவதை எண்ணிக்கொண்டிருப்பேன். பால் பொங்கி அடுப்பு அணைந்த பிறகு முதுகில் ஒன்று விழும். "இன்னா திமிரு பாரு இதுக்கு" என்பாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார். கணக்கைச் சொல்லச் சொன்னால் நான் முழிப்பேன், பக்கத்துப் பெண் கிள்ளினால்தான் எழுந்திருப்பேன். 'மந்தம்' என்று சொல்லி என்னைக் கடைசி வரிசையில், வலப்பக்கம் சுவரை ஒட்டி உட்காரவைத்தார். நல்ல காது சுவரைப் பார்த்திருந்தது; கெட்ட காது அவரைப் பார்த்திருந்தது. அவரைக் குறை சொல்லி என்ன, எனக்கே தெரியாதே. எல்லோருக்கும் இப்படித்தான் கேட்கும் என்று நினைத்திருந்தேன்.

அப்பா மட்டும் என்னைக் கூப்பிடும்போது முன்னால் வந்து கையை ஆட்டுவார். நடந்து போனால் என் வலது பக்கமாகவே வருவார். "செல்லம் குடுத்தே கெடுக்குறாரு" என்று அம்மா சொல்வாள். அவருக்கு ஏதோ பிடிபட்டிருந்தது என்று இப்போது தோன்றுகிறது. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அவர் இல்லை.

மழை வந்தால் அந்த இடது காதில் வலியும் வந்துவிடும். சீழ் வடியும். தலையணை நாறும். அம்மா பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை ஊற்றினாள். வெங்காயச் சாறு ஊற்றினாள். அனுமந்தைக்குப் போய் ஒருவரிடம் வேப்பிலை அடித்துக்கொண்டு வந்தாள். அடித்த கையாலேயே ராத்திரி தவிட்டு ஒத்தடமும் கொடுப்பாள். வலிக்கிற காது வேறு, கேட்காத திமிர் வேறு என்று அவள் கணக்கு. இரண்டும் ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

உப்பு ஏற்ற வருகிற லாரி டிரைவர் ஒருவர்தான் காஞ்சிபுரத்தைச் சொன்னார். அங்கே ஒரு பழைய சிவன் கோயிலாம். பெருமாளே ஆமை வடிவில் வந்து சிவனைக் கும்பிட்ட இடமாம். கார்த்திகை ஞாயிற்றுக்கிழமைகளில் புது மண்சட்டியில் மாவிளக்கு ஏற்றித் தலையில் வைத்துக் கோயிலைச் சுற்றினால் தலைநோய், காதுநோய் எல்லாம் போய்விடுமாம். அம்மா அன்றைக்கே மஞ்சள் துணியில் காசு முடிந்துவிட்டாள்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. காஞ்சிபுரத்தில் என் மாமா இருந்தார், அம்மாவின் ஒரே தம்பி. அம்மா அவரோடு பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அப்பா உப்பள மேஸ்திரியிடம் கெஞ்சி அவருக்கு வேலை வாங்கிக் கொடுக்க, மூன்றாம் நாள் பலகையைப் பாத்தியிலேயே போட்டுவிட்டு ஓடிப்போனவர் அவர். மேஸ்திரி நாலு பேர் எதிரில் அப்பாவைக் கேட்ட கேள்வி அம்மாவுக்கு ஆறவே இல்லை. மாமா காஞ்சிபுரத்தில் மைக் செட் கடையில் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டபோது, "ஊரான் கல்யாணத்துல குழாய் கட்டுறதுக்கா பொறந்தான்" என்றாள். அவன் இருக்கிற திசைக்கே போகக்கூடாது என்று இருந்தவள், எனக்காக அந்தத் திசைக்கு டிக்கெட் வாங்கினாள். அவனைப் பார்க்கப் போவதில்லை என்று அப்பாவிடம் மூன்று முறை சொன்னாள். அப்பா மூன்று முறையும் தலையாட்டினார்.

ஞாயிறு விடியும் முன்னே முதல் பஸ். திண்டிவனத்தில் இறங்கி, வந்தவாசி வழியாகப் போகிற வண்டி. மடியில் வயர் கூடை. அதில் அரிசி மாவு, வெல்லம், ஒரு சின்னப் புட்டியில் நெய். நான் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தும் வந்தவாசியில் வாந்தி எடுத்தேன். அதற்குப் பிறகு ஒரே குஷி. ஏரி ஏரியாகத் தண்ணீர் நிறைந்து கிடந்தது. நம் பக்கத்துத் தண்ணீர் மாதிரி அது கரிக்காது என்று அம்மா சொன்னது எனக்கு அதிசயமாக இருந்தது.

காஞ்சிபுரத்தில் இறங்கியதும் நான் வாயை மூடவில்லை. அவ்வளவு பெரிய கோபுரத்தை அதுவரை பார்த்ததில்லை. அதன் பொந்துகளில் கிளியும் புறாவும். அதற்குக் கீழேயே டிரான்சிஸ்டர் கடை. அதை ஒட்டி சினிமா போஸ்டர். போஸ்டரில் இருந்த கதாநாயகி கோபுரத்துச் சிற்பத்தைவிடக் குறைவாகத்தான் உடுத்தியிருந்தாள். ஒரு பக்கம் குடுமி வைத்த ஐயர் ஸ்கூட்டரில் போனார், பின்னால் தேங்காய் மூட்டை. சந்துக்குள் திரும்பினால் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். கடைவாசலில் நனைந்த பட்டு நூலைச் சிவப்பும் மாம்பழ நிறமுமாக மூங்கிலில் காயப்போட்டிருந்தார்கள். காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனையும் கற்பூர வாசனையும் பஸ் புகையும் ஒன்றாக மூக்கில் ஏறின. நம் ஊரில் மூக்குக்கு ஒரு வேலைதான், உப்புக் காற்று. இங்கே அதற்கு ஓய்வே இல்லை.

இதற்கெல்லாம் முன்னால், இறங்கிய உடனேயே பஸ் ஸ்டாண்டு வாசலில் மாமா நின்றுகொண்டிருந்தார். அப்பா அவருக்குக் கார்டு போட்டிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. எண்ணெய் வைத்து வாரிய தலை, கையில் கடிகாரம். அம்மா அவரைப் பார்த்ததும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேறு பக்கம் நடந்தாள். மாமா பின்னாலேயே வந்தார். "அக்கா, கோயிலு அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்" என்று மட்டும் சொன்னார். அம்மா பதில் பேசாமல் திரும்பி நடந்தாள். இப்படியே அவர் பின்னாலிருந்து வழி சொல்ல, அவள் திரும்பிப் பார்க்காமல் கேட்க, கோயில் வந்து சேர்ந்தோம். அங்கே திருவிழாவுக்கு மைக் கட்டியிருந்ததே மாமாதான். வாசலில் கீற்றுப் பந்தல் போட்டு, பெஞ்சில் பெட்டியும் மைக்கும் வைத்திருந்தார். நாலு வீதியிலும் கம்பத்துக்குக் கம்பம் தாமரைப்பூ மாதிரி விரிந்த குழாய்கள்.

சட்டி வாங்கினோம். சட்டி விற்றவள் கறுத்துத் தடித்த அம்மாள்; ஒவ்வொரு சட்டியையும் சுண்டிக் காட்டித்தான் கொடுத்தாள். அம்மா குளக்கரையில் உட்கார்ந்து மாவைப் பிசைந்து, குழித்து, நெய் ஊற்றித் திரி போட்டாள். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று.

அந்தக் காட்சியை எப்படிச் சொல்வது! பட்டப்பகலில் நூற்றுக்கணக்கான தலைகளில் விளக்கு எரிந்துகொண்டு போகிறது. பட்டுப்புடவைக்காரி, பேண்ட் போட்டவர், போலீஸ்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், யாரானாலும் தலையில் சட்டி. எல்லோரும் இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மேலே செருகிக்கொண்டு, அடிமேல் அடி வைத்துப் போனார்கள். நடுவில் என் அம்மா மட்டும் இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடந்தாள். பதினைந்து வருஷம் உப்புக் கூடை சுமந்த தலை. வழுக்குகிற வரப்பில் கூடையோடு ஓடியவளுக்கு அந்தக் கருங்கல் தரை எம்மாத்திரம். சுடர்கூட ஆடவில்லை. பட்டுப்புடவைக்காரிகள் ஒதுங்கி வழிவிட்டார்கள். யாரோ ஒருத்தி, "யாரும்மா இது?" என்று கேட்டது என் வலது காதில் விழுந்தது. எங்கம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். சட்டி விழுந்துவிடும் என்று சொல்லவில்லை.

சுற்றி முடித்துச் சட்டியை இறக்கிய இடத்தில்தான் தொலைந்தேன். அம்மா என் இடது பக்கம் நின்று, "இங்கயே நில்லு, தீபாராதன பாத்துட்டு வந்துடுறேன்" என்று சொல்லியிருக்கிறாள். எனக்கு விழவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அம்மா இல்லை. அரக்குப் புடவை ஒன்று வாசலைத் தாண்டிப் போனது. அதன் பின்னாலேயே போனேன். வீதியில் அது திரும்பியபோது வேறு யாரோ. அப்புறம் அம்மா என் பெயரைச் சொல்லிக் கத்துவது கேட்டது. ஆனால் எந்தப் பக்கமிருந்து? ஒற்றைக் காதுக்காரர்களுக்கு அதுதான் கஷ்டம். சத்தம் கேட்கும், திசை கேட்காது. நான் அந்தக் குரலை நோக்கி ஓட ஓட அது தேய்ந்துகொண்டே போனது. எதிர்ப்பக்கம் ஓடியிருக்கிறேன்.

அழலாமா வேண்டாமா என்று நின்றபோது தலைக்கு மேலே மாமா பேசினார்; அம்மா கத்தியது அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். மரக்காணத்திலிருந்து வந்த ஒன்பது வயசுப் பெண், பச்சைப் பாவாடை, எங்கே இருந்தாலும் கோயில் வாசலுக்கு வரவும் என்றார். கம்பத்தில் குழாய் இருந்தது. மாமா அதற்குள்தான் இருக்கிறார் என்று நினைத்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள், சிரியுங்கள். அவர் இறங்கி வரட்டும் என்று அந்தக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். கடைசித் தடவை மைக்கில் பெருமூச்சுகூடக் கேட்டது. எனக்கு அவர் மேல் கோபம்கூட வந்தது. காலடியில்தானே நிற்கிறேன், தெரியவில்லையா?

சட்டிக்கார அம்மாள்தான் பாவாடையை அடையாளம் கண்டு என் கையைப் பிடித்தாள். கோயில் வாசலை நோக்கி நடந்தோம். வழியில் சைக்கிள் ரிக்‌ஷா ஒன்று என் இடப்பக்கமாக மணி அடித்துக்கொண்டே வந்திருக்கிறது. நான் நகரவே இல்லை. அந்த அம்மாள் சட்டென்று இழுத்ததில் ரிக்‌ஷாவின் சக்கரம் பாவாடையை உரசிக்கொண்டு போனது.

பந்தலில் அம்மா ஓடி வந்து, முதலில் என்னைக் கட்டிக்கொண்டாள், அடுத்து முதுகில் ஒன்று வைத்தாள். "நில்லுன்னு சொன்னா நிக்க மாட்டியா?" சட்டிக்கார அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடிக்காதம்மா. அந்தப் பக்கம் காது கேக்கல உம்பொண்ணுக்கு. மணி அடிச்சுக்குனு மேலயே வந்துட்டான், அது திரும்பிக்கூடப் பாக்கல."

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. காதில் வலிதான், செவிடெல்லாம் இல்லை என்றாள். பெண்பிள்ளையைப் பற்றி முன்பின் தெரியாத ஊரில் இப்படிச் சொல்லலாமா என்றாள். அவள் எதற்குப் பயந்தாள் என்று இன்றைக்குப் புரிகிறது. அந்த ஒரு சொல் ஊருக்குத் திரும்பி வந்தால் என்னைக் கட்டிக்கொடுக்கும் வரை கூடவே வரும்.

மாமா என்னைப் பெஞ்சில் உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். வலது காதில் டிக் டிக் என்று கேட்டது. அவருடைய கைக்கடிகாரம். "கேக்குதா?" கேட்குது என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம். அவர் என் இடது காதில் கடிகாரத்தை ஒட்டி வைத்திருந்திருக்கிறார். நான் கண்ணைத் திறக்காமலே, அந்தக் காதில் எப்போது வைப்பீர்கள் என்று கேட்டேன்.

அம்மா அப்படியே கீழே கிடந்த காலி மைக் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள். சட்டிக்கார அம்மாள் போய்விட்டாள். வெளியே சட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. அம்மா தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் தம்பியிடம் பேசிய முதல் பேச்சு: "இன்னாடா பண்றது இப்ப?"

"அக்கா, மழையில எங்க குழாயில ஒண்ணு பாடாமப் போயிடும். போச்சுன்னு மொதலாளி தூக்கிப் போடச் சொல்லுவாரு. கழட்டிப் பாத்தா உள்ள குளவி கூடு கட்டியிருக்கும். கெட்டுப்போனது வேற, அடைச்சுக்குனது வேற. இது எதுன்னு பாத்துடலாம், வா."

பக்கத்துத் தெருவில் காது டாக்டர் ஒருவர். அவர் பேரனுக்குக் காதுகுத்து நடந்தபோது மாமாதான் மைக் கட்டினாராம். காது டாக்டர் வீட்டில் காதுகுத்து என்று எனக்குச் சிரிப்பு வந்தது, அம்மா முறைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பார்ப்பாரா என்று அவளுக்குச் சந்தேகம். கதவைத் திறந்த டாக்டர் ஈர வேட்டியில், நெற்றி நிறைய விபூதியோடு நின்றார். பின்னால் நடையில் புது மண்சட்டி ஒன்று, திரி இன்னும் புகைந்துகொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்தாள். அவள் தோள் இறங்கியது அப்போதுதான்.

அவர் நெற்றியில் வட்டக் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு என் காதுக்குள் வெகுநேரம் பார்த்தார். வெதுவெதுப்பான தண்ணீரைப் பித்தளை ஊசியில் எடுத்துப் பீய்ச்சினார். என் கையில் ஒரு பீங்கான் கிண்ணத்தைக் கொடுத்துக் கழுத்தோடு ஒட்டிப் பிடிக்கச் சொன்னார். மூன்று முறை அழுக்குத் தண்ணீர். நாலாவது முறை கிண்ணத்தில் 'டங்' என்று ஏதோ விழுந்தது.

அந்த 'டங்' எனக்கு இரண்டு காதிலும் கேட்டது.

டாக்டர் அதை இடுக்கியில் எடுத்துத் துடைத்து வெளிச்சத்தில் காட்டினார். பலப்பம். ஸ்லேட்டில் எழுதுகிற பலப்பத்தின் நுனி, விரல் நகம் அளவு. "இதை யாரும்மா உள்ள வச்சது?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கே ஞாபகம் வந்தது. இரண்டாம் வகுப்பில் காது அரிக்கிறது என்று குடைந்தேன். முனை உடைந்தது. பலப்பம் உடைந்ததற்கு அடி விழும் என்று வாயைத் திறக்கவில்லை. மறந்தும் போனேன். நான்தான் என்றேன். மாமா சிரித்தார், டாக்டர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. உள்ளே சின்னப் புண் இருக்கிறது, ஆறிவிடும், சொட்டு மருந்து விடுங்கள், எண்ணெய் கிண்ணெய் ஊற்றாதீர்கள், தை மாசம் ஒரு தடவை கூட்டிவந்து காட்டுங்கள் என்றார் டாக்டர்.

வெளியே வந்தால் அது வேறு ஊர். காலையில் கண்ணாலும் மூக்காலும் பார்த்த காஞ்சிபுரம் இப்போது இடது பக்கமாகவும் உள்ளே வந்து விழுந்தது. தறி அந்த வீட்டில் ஓடுகிறது, இந்த வீட்டில் இல்லை என்று தெரிந்தது. புறா மேலே, காப்பிக்கடையில் டம்ளரில் ஆற்றுகிற சத்தம் பின்னால், ரிக்‌ஷா மணி இதோ இடது பக்கம். மாமா என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு எங்கேயாவது போய்க் கை தட்டுவார். நான் விரலை நீட்டிக் காட்டுவேன். நடுத்தெருவில் இதே விளையாட்டு. ஒரு தடவை நான் சரியாகக் காட்டிய இடத்தில் மாமாவுக்குப் பதில் கோயில் மாடு நின்றது.

மந்தாரை இலையில் மிளகும் சுக்கும் போட்ட இட்லி வாங்கிக் கொடுத்தார். அம்மா விரதம் முடித்துச் சாப்பிட்டாள். எல்லாம் சாமி செய்தது என்று சாப்பிடும்போது சொன்னாள். சாமி என்னைத் தொலைக்கவில்லை என்றால் யாருக்குத் தெரிந்திருக்கும் என்று கேட்டாள். மாமா அதை மறுக்கவில்லை. இன்னொரு இட்லி வைக்கச் சொன்னார். கடிகாரம் எப்போது வாங்கியது என்று அவள் கேட்டாள். முதல் சம்பளத்தில் என்றார். அவள் அவர் கையைப் பிடித்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "பொங்கலுக்கு வந்துடு. உப்பு வாரக் கூப்பிடல. சும்மா வா."

மாமா வந்தார். அதற்குப் பிறகு நம் ஊர்த் திருவிழா எல்லாவற்றுக்கும் அவர் செட்தான், உங்களுக்கே தெரியும். எனக்கும் அரைப் பரீட்சைக்குப் பிறகு முன் வரிசையில் இடம் கிடைத்தது. வாத்தியார் காரணம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆனால் அந்த பஸ்ஸைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மூன்று பேர் உட்காருகிற சீட். ஜன்னல் ஓரம் என்னை விட்டிருந்த அம்மா, திடீரென்று எழுந்து, என்னை நகர்த்திவிட்டு, என் இடது பக்கம் வந்து உட்கார்ந்தாள். காதருகே குனிந்து, "உப்பு" என்றாள். உப்பு என்றேன். "புளி" என்றாள். புளி என்றேன். மிளகாய், தனியா, வெந்தயம் என்று அஞ்சறைப்பெட்டியையே காதுக்குள் கொட்டினாள். ஒவ்வொன்றையும் முன்னதைவிட மெதுவாகச் சொன்னாள். நான் ஒன்றைக்கூட விடவில்லை. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

வந்தவாசி தாண்டியிருப்போம். என் தலையைத் தன் பக்கம் சாய்த்து, காது மடலைக் கையால் மறைத்துக்கொண்டு, மூச்சு மாதிரி ஒன்று சொன்னாள்.

"தெரியாம அடிச்சிட்டேன்டி."

தெளிவாகக் கேட்டது. அவள் அப்படி யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை.

"கேக்கலம்மா" என்றேன்.

கொஞ்சம் பதறி, இன்னும் கிட்டே வந்து, அதையே மறுபடி சொன்னாள். அதுவும் கேட்கவில்லை என்றேன். மூன்றாவது முறை சொல்ல வாயெடுத்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள். என் தொடையில் வலிக்காமல் ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அம்மா என் இடது பக்கம் உட்கார்ந்து சிரிக்கிறாள் என்று திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்தது.